நீண்ட திரியும் நமத்த வெடியும்: பெருங்கதைத் தொடர்களின் மெதுநடை குறித்து விருதுநகர் மாவட்டத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு

தமிழ் ஆய்வுலகம் இதுவரை தொடாமல் விட்ட பொருள்கள் இரண்டு. ஒன்று, விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை முழுசாகக் கடிப்பதா, பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றுவதா என்பது. மற்றது, ஆயிரம் பக்கம் தாண்டியும் போர் தொடங்காத கதையை வாசகர் ஏன் திட்டிக்கொண்டே படிக்கிறார் என்பது. முதலாவதில் இவ்வாய்வாளர் களப்பணியை முடித்துவிட்டார். மருத்துவர் ஆலோசனைப்படி முடிவுகள் வெளியிடப்படவில்லை. இரண்டாவதை இங்கே காண்போம்.

சிக்கல் எளியது. நெடுந்தொடர் படிக்கும் எவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "இழுக்குறாரு அண்ணாச்சி, ரொம்ப இழுக்குறாரு." அடுத்த வாக்கியம், "அடுத்த பாகம் உங்ககிட்ட இருக்கா?" இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையே ஒரு மூச்சுவிடும் நேரம்கூட இருப்பதில்லை. அந்த மூச்சுக்குள் என்ன நடக்கிறது என்பதே நம் ஆராய்ச்சி.

எல்லையை வரையறுத்துக்கொள்வோம். பேய், தெய்வம், சாபம், தீநிமித்தம், அரியணைச் சண்டை ஆகியவற்றுள் மூன்றையாவது கொண்டு, போதும் என்று சொன்ன பிறகும் போய்க்கொண்டிருக்கும் கதைகள் மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளப்படும். 'பொன்னியின் செல்வ'னில் பேய் ஏது என்று கேட்பவர்களுக்கு: வால்நட்சத்திரம் இருக்கிறது, நள்ளிரவில் செத்தவளின் ஆவியாக வந்து மன்னரை மிரட்டும் பெண் இருக்கிறாள். அது ஆவியல்ல என்று பிறகு தெரிந்தாலும் மன்னர் மிரண்டது மிரண்டதுதான். ஜெயமோகனின் 'வெண்முரசு' பற்றி ஐயமே இல்லை. அதில் எல்லாமே இருக்கிறது, இல்லாதது முடிவு மட்டுமே என்று 2020 வரை பேசிக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் அதுவும் வந்துவிட்டது.

ஆய்வுக் களம்

ஏன் இந்த மாவட்டம்? மெதுவாக எரிவதற்கும் எரியாமலே போவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொழிலாகக் கற்ற ஜனம் உலகில் வேறெங்கும் இத்தனை நெருக்கமாக வாழவில்லை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் ஒட்ட அச்சகம் வந்தது. மூன்றும் இங்கே ஊன்றியதற்கு ஒரு காரணம் வானம். மழை பொய்க்கும் கரிசல் பூமி. விவசாயிக்குச் சாபமான வறட்சி மருந்துக்கும் காகிதத்துக்கும் வரமாயிற்று. ஈரம் ஏறினால் வெடி நமத்துப்போகும், தாள் சுருளும். ஆக, ஒரு பொருள் நமத்ததா இல்லையா என்று மோந்து பார்த்தே சொல்லும் தகுதி இவ்வட்டாரத்து மூக்குகளுக்கு உண்டு. இலக்கிய விமர்சகர்களுக்கு அப்படியொரு மூக்கு இருப்பதாகப் பதிவு இல்லை.

இன்னொரு தகுதியும் உண்டு. இங்கே ஆறுகள்கூட நெடுந்தொடர் பாணியில்தான் நடக்கின்றன. பாரத நாயகன் பெயரையே தாங்கிய அர்ச்சுனா நதி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கிறது. கலப்பது ஆறு, மக்கள் ஆண்டின் பெரும்பகுதி பார்ப்பது மணல். கதாநாயகன் தாமதமாக வருவது எங்களுக்குப் புதிதல்ல.

இந்தப் பின்னணியில் 'பொன்னியின் செல்வன்' முதல் அத்தியாயத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஆடிப்பெருக்கு. வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். வர வேண்டியவன் நேரே வராமல் வீராணம் ஏரிக் கரையில் நின்று, எழுபத்து நான்கு கணவாய் வழியாகத் தண்ணீர் பாய்வதைப் பற்றி யோசிக்கிறான். அக்கம்பக்கத்தில் சனங்கள் கூட்டாஞ்சோறு தின்கிறார்கள். கதைக்கு இதெல்லாம் அவசரத் தேவையா? கணவாய்களில் எழுபத்து மூன்றைக் குறைத்திருக்கலாம் என்று தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சொல்லலாம். வாய்க்காலைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண் அது. விருதுநகர்க்காரர் அப்படிச் சொன்னதாக இவ்வாய்வில் ஒரு சான்றும் கிடைக்கவில்லை. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடும் ஊரில், ஏரி நிறைந்து வழிவதை இரண்டு பக்கம் வாசிப்பது மெதுநடை ஆகாது. அது கொண்டாட்டம். இதிலிருந்து முதல் விதி பெறப்படுகிறது: மெதுநடை என்பது எழுத்தில் பாதி, படிப்பவர் வீட்டுக் குழாயில் பாதி.

அளவைகள்

மெதுநடையை அளக்க இதுவரை அலகு இல்லை. 'பக்கம்' போதாது, பக்கத்துக்கு எழுத்தளவு மாறும். 'நாள்' போதாது, சிலர் இரவெல்லாம் படிப்பார்கள். ஆகவே 'கேட்' என்னும் அலகை முன்மொழிகிறோம். சாட்சியாபுரம் ரயில்வே கேட் ஒருமுறை மூடித் திறக்கும் நேரம் ஒரு கேட். மேம்பாலம் கேட்டு ஆண்டுக்கணக்கில் சிவகாசி மனுப்போட்ட இடம் அது. கேட் மூடியிருக்கையில் எந்தப் பாத்திரமாவது எதையாவது முடிவுசெய்தால் அந்தக் கதை விரைநடை. கேட் திறந்தும் அவர் இன்னும் சாளரத்தருகே நின்று நிலவைப் பார்த்தால் மெதுநடை. அலகின் குறை ஒன்று உண்டு: எந்த ரயிலுக்காக மூடினார்கள் என்பதைப் பொறுத்து அலகே மாறும். அறிவியலில் இதெல்லாம் சகஜம்.

முன்னோர் நிலை

மெதுநடைச் சர்ச்சை நேற்றுத் தோன்றியதென்பார் அறியாதார். வில்லிபுத்தூரார் பாரதத்தைத் தமிழில் பாடினார். பிறந்தது திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர் என்பர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் மேல் இருந்த பக்தியால் தந்தை வைத்த பெயர் அது. பெயரளவிலேனும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் உள்ளே இருப்பதால் அவரை இம்மாவட்ட ஆய்வில் சேர்த்துக்கொள்கிறோம். இதைவிட மெல்லிய தொடர்பில் முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன. அவர் செய்தது துணிச்சலான காரியம். பதினெட்டுப் பருவத்தில் பத்தோடு நிறுத்தினார். ஏறக்குறைய 4,300 பாட்டு. போர் முடிந்ததா, அசுவத்தாமன் இரவில் வந்து செய்ய வேண்டியதைச் செய்தானா, சரி, கதை முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்கிறமாதிரி முடித்துவிட்டார். சாந்தி பருவத்தில் அம்புப் படுக்கையில் கிடந்து பீஷ்மர் சொல்லும் நீண்ட அறிவுரைகளிலிருந்து தமிழர்கள் தப்பித்தார்கள்.

தப்பித்ததற்கு நன்றி சொன்னார்களா? அதுதான் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை என்பவர் வந்தார். வில்லி விட்டதையெல்லாம் தேடிச் சேர்த்து, வில்லியின் பாட்டுகளையும் உள்ளே வைத்து, பதினெட்டுப் பருவத்தையும் நிரப்பி, ஏறக்குறைய 14,000 பாட்டில் நிறுத்தினார். சுருக்கியவர் மேல் இருந்த குறையைத் தீர்க்க ஒரு ஆயுளைச் செலவழிக்கும் வாசகரும் இருக்கிறார் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை. ஆனால் இன்று பட்டிமன்றத்தில் எடுத்துப் பாடப்படுபவர் யார்? வில்லி. நீளம் கேட்ட கூட்டம் நீளத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சுருக்கத்தைப் படிக்கிறது. இந்த இரட்டை மனம்தான் நம் ஆய்வுப் பொருள், அதற்கு வயது சில நூற்றாண்டு.

ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும். முருகன் வள்ளியைக் கட்டுவதற்கு வேண்டிய நேரம் உண்மையில் அரை மணி. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்து அதை விடியற்காலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் "சீக்கிரம் கட்டிக்குடுங்கப்பா" என்று சத்தம் போடுவார். ஆனால் மூன்று மணிக்கே தாலி கட்டிவிட்டால் அதே பெரியவர்தான் விழாக் கமிட்டியிடம் சண்டைக்குப் போவார். காரணம் கலை அல்ல. முதல் பஸ் ஐந்தரைக்கு. அதுவரை எங்கே போய் உட்காருவது? மெதுநடைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் உள்ள உறவை எந்த அழகியல் நூலும் பேசவில்லை.

திரி: ஒரு செய்முறை விளக்கம்

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். கருந்திரி செய்வது எளிதாகத் தோன்றும். நூலில் கருமருந்துக் குழம்பைப் பூசி, வெயிலில் காயவைத்து, அளவாக வெட்டுவார்கள். அந்தத் திரியைத் திறந்தவெளியில் பற்றவைத்தால் சீறிக்கொண்டு நிதானமாகப் போகும். குழந்தைகூட பின்னால் ஓடிவர நேரம் இருக்கும். அதே திரியை ஒரு காகிதக் குழாய்க்குள் நுழைத்துப் பற்றவைத்தால் கண்சிமிட்டும் நேரத்தில் அந்தக் கோடிக்குப் போய்விடும். மருந்து அதேதான், நூல் அதேதான், நீளமும் அதேதான். வெப்பமான வாயு வெளியே போக வழியில்லாமல் முன்னால் ஓடுவதால் வரும் வேறுபாடு.

பெருங்கதைகளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை, வாரா வாரம், பத்திரிகை தந்த பக்கத்துக்குள் அடைத்து எழுதினார். 293 அத்தியாயம். ஒவ்வொரு வாரமும் காகிதக் குழாய். அந்த வாரத்துக்கு மணியம் வரைந்த படம், கடைசி வரியில் ஒரு நிழலுருவமோ ஒரு காலடிச் சத்தமோ. உண்மையில் கதைத்தலைவனான அருள்மொழியை வந்தியத்தேவன் இலங்கையில் நேரில் சந்திப்பதே இரண்டாம் பாகத்தில்தான். யாரும் அதை மெதுநடை என்று அப்போது புகார் செய்ததாகத் தெரியவில்லை. ஏழு நாள் இடைவெளியில் திரி ஓடியதாகவே தோன்றியிருக்கும். இதே கதையை ஐந்து பாகமாகக் கட்டி, ஒரே மூச்சில் படிக்க உட்காரும் இன்றைய வாசகருக்குக் குழாயைக் கழற்றிவிட்டார்கள். போன வாரம் நடந்ததை இந்த வாரம் நினைவூட்டும் பத்திகள், சோழ வம்சாவளியை நிறுத்திச் சொல்லும் இடங்கள் எல்லாம் அவருக்குத் திறந்தவெளியில் எரிகின்றன. "இழுக்குறாரு" என்கிறார். இழுப்பது கல்கி அல்லர், பைண்டு செய்தவர்.

பழைய கல்கி இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்த தொகுப்பு ஒன்றைச் சிவகாசி பைண்டிங் பட்டறையில் காணும் பேறு கிட்டியது. அட்டை நோட்டுப் புத்தகத்துக்கான மிச்ச அட்டை. பக்கத்தின் பின்புறம் கூந்தல் தைலமும் வயிற்றுவலி மருந்தும். நடுவில் சில அத்தியாயங்கள் இல்லை. அந்த இடத்தில் யாரோ பென்சிலில், "இதில் பெரிதாக ஒன்றும் இல்லை, மேலே படிக்கவும்" என்று எழுதியிருந்தார்கள். தமிழ்த் திறனாய்வில் இதைவிடக் கறாரான வரியை இவ்வாய்வாளர் கண்டதில்லை.

பாரதத்தை மீண்டும் சொல்லும் 'வெண்முரசு' எதிர்த்திசை. 2014 ஜனவரி 1 முதல் இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயம், ஆறரை ஆண்டு, 26 நாவல். இணையத்துக்குப் பக்க வரம்பு இல்லை. ஆகவே முழுக்க முழுக்கத் திறந்தவெளித் திரி. சூதாட்டத்துக்கு 10-ஆம் நாவலான 'பன்னிரு படைக்களம்' வரை காத்திருக்க வேண்டும். பீஷ்மரின் பத்து நாள் போருக்கு 19-ஆம் நாவலான 'திசைதேர் வெள்ளம்' வரை. அதுவரை காடு, நகர், கதைக்குள் கதை, கதைசொல்லும் சூதருக்குள் இன்னொரு சூதர். ஆனால் தீ எங்கேயும் அணையவில்லை என்பது இவ்வாய்வாளரின் கணிப்பு. அம்பையின் கையில் திரி பற்றியது முதல் நாவலில். அது எங்கே போகிறதென்று எல்லாருக்கும் தெரியும். பாரதம் படிப்பவருக்கு முடிவு தெரிந்திருப்பதே வசதி: திரியின் அந்தக் கோடியில் இருப்பது அணுகுண்டா குருவி வெடியா என்ற கவலை இல்லை.

இங்கேதான் நமத்தலைப் பிரித்தறிய வேண்டும். நீண்ட திரி எரியும்போது வாசம் வரும், சின்னச் சின்னப் பொறி தெரியும். நமத்த திரியில் கருகல் மட்டும் இருக்கும். கிட்டப் போய்க் குனிந்து பார்க்கவும் பயம், விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது. ராபர்ட் ஜோர்டானின் 'காலச் சக்கரம்' என்னும் ஆங்கிலத் தொடர் 1990-இல் தொடங்கியது. 2003-இல் வந்த பத்தாம் பாகத்தை அவரது தீவிர ரசிகர்களே நமத்த பாகம் என்பார்கள். 2007-இல் ஜோர்டான் இறந்துபோக, பிராண்டன் சாண்டர்சன் 2013-இல் 14-ஆம் பாகத்தோடு முடித்துவைத்தார். பத்தாம் பாகத்தைத் திட்டியவர்கள் பதினொன்றை வாங்காமல் இருந்தார்களா என்றால் இல்லை. ஜார்ஜ் மார்ட்டின் நிலைமை வேறு: 2011-இல் தம் தொடரின் ஐந்தாம் பாகம் கொடுத்துவிட்டு ஆறாவதுக்காக உலகத்தையே காக்கவைத்திருக்கிறார். அது மெதுநடையில் சேராது. கம்பெனி பூட்டிக் கிடக்கிறது, வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள்.

எங்கள் பக்கத்திலேயே ஒரு நூல் உண்டு. பூமணியின் 'அஞ்ஞாடி', 2012-இல் வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல், 2014-இல் சாகித்திய அகாதெமி விருது. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கொள்ளையும் அதில் வருகின்றன. மாயம் மந்திரம் குறைவு என்பதால் நம் வரையறைக்குள் அடங்காது; ஆனாலும் சொல்ல வேண்டும். கலவரத்துக்கு வந்து சேருமுன் காடு, கழனி, நட்பு, பஞ்சம் என்று தலைமுறைகள் போகின்றன. "கொள்ளை எந்தப் பக்கத்துல வருது?" என்று கேட்டு நேரே அங்கே போனவர்களை அறிவோம். போனவர்கள் திரும்பி முதல் பக்கத்துக்கு வந்ததையும் அறிவோம். யார் வீடு எரிகிறதென்று தெரியாமல் தீயை மட்டும் பார்த்து என்ன செய்ய?

தகவலாளி

ஆய்வு முறைப்படி ஒரு தகவலாளியாவது வேண்டும். திருத்தங்கல் பக்கம் வீட்டுத் திண்ணையில் காகிதக் குழாய் உருட்டும் ஓர் அக்கா. யூடியூப்பில் 'பொன்னியின் செல்வன்' ஒலிவடிவம் ஓடிக்கொண்டிருக்கும். போன் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். கம்பியில் தாளைச் சுற்றி, பசை தொட்டு, உள்ளங்கையால் ஒரு தள்ளு, உருவிப் போடு. பேச்சு நிற்காது, கையும் நிற்காது.

"மெதுவாப் போகுதுன்னு சொல்றாகளேக்கா?"

"யாரு சொல்றா? சும்மா உக்காந்து படிக்கிறவுக சொல்வாக. எனக்குக் கை ஓடுதுல்ல. வேகமாப் போற கதைன்னா நடுவுல பசை எடுக்கப் போனா ஒரு கொலை போயிரும், திருப்பிப் போட்டுக் கேக்கணும். இதுல அடுப்புல சோத்தை வடிச்சிட்டு வந்தாலும் அவன் அதே குதிரையிலதான் போய்க்கிட்டு இருப்பான்."

இந்த ஒரு பதில் மேலே சொன்ன எல்லா விதிகளையும் விடச் செறிவானது என்பதால், அடக்கத்தின் பொருட்டு விளக்கம் தரப்படவில்லை.

எதிர்வாதங்கள்

மெதுநடையை எல்லாரும் வெறுக்கிறார்கள் என்பது முதல் எதிர்வாதம். அப்படியானால் 1954-இல் என்ன நடந்தது? மூன்றரை ஆண்டு ஓடிய கதை முடிந்ததும், திடீரென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லிக் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. 293 அத்தியாயம் போதவில்லை. நல்லாப்பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் சட்டம் சார்ந்தது. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம், ஒன்றோடொன்று பின்னிய சரவெடிகளைத் தயாரிக்கவும் விற்கவும் வெடிக்கவும் தடை விதித்தது. தொடராக வருவதெல்லாம் கேடு என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று ஒரு சட்டம் படித்த நண்பர் வாதிட்டார். தீர்ப்பில் நாவல் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டுகிறோம். சரம் பின்னிப் பிழைத்த பெண்களுக்கு அந்தத் தீர்ப்பு வேடிக்கையாக இருக்கவில்லை என்பதையும்.

மூன்றாவதாக, வேகம்தானே இக்காலத்துக்குத் தேவை என்பார் ஒருவர். அவரை ஒரு பட்டாசு ஆலை வாசலுக்கு அழைத்துச் செல்லலாம், உள்ளே விடமாட்டார்கள். மருந்து அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, இரும்புக் கருவி கூடாது, உரசக்கூடாது, அவசரப்படக்கூடாது. தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது இவற்றையெல்லாம் அவசரத்தில் மறந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த இடத்தில் இக்கட்டுரைக்கு நகைச்சுவை வரவில்லை.

பரிந்துரை

பட்டாசுப் பெட்டியில் எப்படிக் கொளுத்துவது, எவ்வளவு தள்ளி நிற்பது என்று படம் போட்டு அச்சடிக்கிறார்கள். நெடுங்கதைப் புத்தகத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பாகத்தின் பின்னட்டையிலும் திரி நீளம் குறிக்கப்பட வேண்டும்: முதல் கொலை எந்தப் பாகம், முதல் போர் எந்தப் பாகம், நிலவு வர்ணனை எத்தனை கேட், சோறு வடிக்க ஏற்ற இடங்கள் எவை. நமத்த பாகம் என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நேர்மை. வாசகர் இப்போதும் வாங்கத்தான் போகிறார். திட்டும்போது பக்க எண்ணோடு திட்ட அவருக்கு வசதியாக இருக்கும்.

லேபிளுக்கு விலைப்புள்ளி கேட்டுச் சிவகாசி அச்சகம் ஒன்றை அணுகினோம். முதலாளி வரைவை முழுவதும் படித்தார், தாள் கனம் சொன்னார், இரண்டு கலரா நாலு கலரா என்று கேட்டார். பிறகு கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டே, "மொத்தம் எத்தனை பாகம்னு இப்பவே சொல்லிருங்க சார். நடுவுல கூட்டிக்கிட்டே போனீகன்னா எனக்கு பிளேட் செலவு கட்டாது" என்றார்.